தங்கவயலில் ஒரு நடை

வெடிமருந்து படிந்த கைகளைக் கழுவிவிட்டுக் கவியரங்கிற்கு வரும் விஸ்வநத்தத்து அன்பர்களுக்கு, இவ்வாறே உழைப்பினூடே தமிழ் வளர்த்த மற்றோர் ஊரை நினைவூட்டல் என் கடனாகும். அது கோலார் தங்கவயல்.

பங்காரப்பேட்டையிலிருந்து செல்லும் இருப்புப்பாதை மாரிக்குப்பத்தில் முடிகிறது. அங்கிருந்து சாம்பியன் வழியாக உரிகம் வரை நடந்தால் சில கிலோமீட்டர் தொலைவே, முதியோர்க்கும் எளிது. ஆயினும் நம் காலடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்குச் சுரங்கம் இறங்கியுள்ளது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குப் பணியைத் தொடங்கியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆற்காட்டிலிருந்து சென்ற தமிழர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோர், பாறையைக் குடைந்தனர். வெள்ளை அதிகாரிகள் பங்களாக்களில் வாழ, இவர்கள் மூங்கில் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்தனர். பாறைத்தூசி பலரது நுரையீரலை அரித்தது.

எனினும் இவர்கள் தமிழை மறந்தாரில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தச் சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்தார். அவர்தம் ‘தமிழன்’ இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகள் எஞ்சி நிற்கின்றன.

பாதரசச் சுரங்க ஊரான ஸ்பெயினின் அல்மதேன், 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தங்கவயலுக்கும் அத்தகைய சிறப்பு வாய்க்குமாயின், வருவோர்க்கு வகுக்கும் நடைவழி பங்களாக்களிலிருந்து தொடங்குதல் தகாது. தொழிலாளர் வாழ்ந்த லைன் வீடுகளிலிருந்தே அது தொடங்க வேண்டும். பொன்னை வெட்டியோரும் ‘தமிழன்’ படித்தோரும் அவ்வீடுகளில் வாழ்ந்தவர்களே.