ஆயர்

‘ஆ’ என்றால் பசு. ஆக்களை மேய்ப்பவர் ஆயர். முல்லை நிலத்து மக்களின் இப்பெயர் பிற்காலத்தில் கிறிஸ்தவச் சபைக்குள் நுழைந்தது. கத்தோலிக்கரிடம் ஆயர் என்பவர் மறைமாவட்டத் தலைவர். தென்னிந்தியத் திருச்சபையிலோ உள்ளூர்ச் சபையின் குருவே ஆயர், அவருக்கு மேலே பேராயர். சீர்திருத்தச் சபைக் குருமாரை ‘ஐயர்’ என்றழைப்பதும் தமிழ்நாட்டில் பழைய வழக்கம். ஜி.யு. போப்பைப் ‘போப்பையர்’ என்றழைத்ததை நினைத்தால் போதும்.

மேய்ப்பவருக்குப் பட்டம் எதற்கு?

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அவருடைய ஊர்சுற்றிப் பிரசங்கிகளில் பலருக்கோ கல்லூரி வாசனையே கிடையாது. ஆனாலும் அவர் விடவில்லை: படித்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தி, 1749 முதல் 1755 வரை 50 தொகுதிகளில் ஒரு கிறிஸ்தவ நூலகத்தையே அச்சிட்டார். ஆள் கொஞ்சம் கறாரான வாத்தியார்தான்.

1947இல் தென்னிந்தியாவின் பிரிட்டிஷ் மெதடிஸ்ட் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. அமெரிக்க வழி மெதடிஸ்டுகள் தனியே நின்றனர். இன்று தென்னிந்தியத் திருச்சபையில் ஆயராக விரும்புவோர் வழக்கமாகப் படிப்பது செராம்பூர் பல்கலைக்கழகத்தின் பி.டி. (இறையியல் இளநிலை) பட்டம். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் அதைத் தமிழிலேயே படிக்கலாம். பட்டம் வந்ததும் அங்கி வந்துவிடாது. சபையில் பயிற்சிக்காலம், உதவிக்குருப் பட்டம், பிறகே குருப்பட்டம்.