டச்சும் ருஷ்யமும்: பாய்ப்பெயர்களில் புணர்ச்சியின் திசை

சொல்லின் ஈற்றில் நிற்கும் கோஷ மெய் தன் நாதத்தை இழப்பதும், இரண்டு மெய்கள் அடுத்து நின்றால் ஒன்று மற்றொன்றின் தன்மையைப் பெறுவதும் டச்சு மொழிக்கும் ருஷ்ய மொழிக்கும் பொதுவாகிய இயல்பு என்றும், ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருஷ்யத்துக்குள் புகுந்த டச்சுக் கப்பற்சொற்களின் உருவத்தை மட்டும் நோக்கி, அவை செவி வழியாக வந்தனவா, ஏட்டு வழியாக வந்தனவா, இடையில் ஜெர்மன் மொழியின் கை பட்டதா என்று தீர்மானிக்க இயலாது என்றும் ஒரு கொள்கை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இக்கொள்கையின் முற்பகுதி பாதி உண்மை. பிற்பகுதி, என் அபிப்பிராயத்தில், பிழை. பாதி உண்மையை முழு உண்மையாகக் கொண்டதனாலேயே அப்பிழை நேர்ந்தது என்பதைச் சில பாய்களின் பெயர்களைக் கொண்டு காட்ட முயல்கிறேன்.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு சொல். கோஷ ஒலிகளுக்கும் அகோஷ ஒலிகளுக்கும் தனித்தனி வடிவம் வகுத்துக்கொள்ளாத நம் எழுத்தில் இத்தகைய ஆராய்ச்சியை நிகழ்த்துவது சங்கடமான காரியமே. ஸகரத்தின் கோஷ இணையை மட்டும் 'ஃஜ' என்று குறித்து, ஏனையவற்றை வாக்கியத்தால் விளக்கிச் செல்கிறேன். எழுத்து இடர் தந்தாலும், நம் இலக்கணிகளின் நிலைமொழி, வருமொழி என்னும் பாகுபாடு இங்கே பேருதவி புரிகிறது.

ருஷ்யத்தின் நியதி எளியது: வருமொழி முதல் நிலைமொழி ஈற்றைத் திரிக்கும். வேண்டுகோளைக் குறிக்கும் 'புரோஸ்பா' என்னும் சொல்லில் எழுதுவது ஸகரம். அடுத்து வரும் கோஷ பகரத்தால் அது ஃஜகரமாக ஒலிக்கும். வகரம் இவ்விதிக்கு ஓரளவு விலக்கு என்பதை யாவரும் அறிவர். அது நம் வழக்கைத் தொடுவதன்று. டச்சு மொழியோ இரண்டு முகங்கள் உடையது. வருமொழி முதலில் வெடிப்பொலி நின்றால் அது ருஷ்யத்தைப் போலவே நடக்கும். கைக்குட்டைக்குப் பெயராகிய 'ஃஜாக்டூக்' என்பதன் நடுவிலுள்ள ககரம் பின்வரும் கோஷ டகரத்தால் தானும் கோஷமாகிறது. ஆனால் வருமொழி முதலில் உரசொலி நின்றாலோ திசை தலைகீழாகும். தேடிச் சென்று காண்பதைக் குறிக்கும் 'ஒப்ஃஜூக்கன்' என்னும் வினையில் பகரம் அசையாது நிற்க, அதன் பின்னுள்ள ஃஜகரம் ஸகரமாகிவிடுகிறது. அதாவது நிலைமொழி ஈறு வருமொழி முதலைத் திரிக்கிறது. முற்கூறிய கொள்கையினர் கைக்குட்டையைக் கண்டனர். இவ்வினையைக் காணத் தவறினர்.

இனிப் பாய்களுக்கு வருவோம். பாய்க்கு டச்சுச் சொல் 'ஃஜெய்ல்'. பாய்மரத்தின் இடையில் அமைந்த மேடை 'மார்ஸ்'. அதனோடு தொடர்புற்ற பாய் 'மார்ஸ்ஃஜெய்ல்'. மரத்தின் உச்சி 'டொப்'. உச்சிப் பாய் 'டொப்ஃஜெய்ல்'. பாய்மரத்தை முன்புறமாக இழுத்துக் கட்டும் வடம் 'ஸ்டாக்'. அவ்வடத்தின்மேல் ஏற்றும் முக்கோணப் பாய் 'ஸ்டாக்ஃஜெய்ல்'. எழுதுங்கால் மூன்றிலும் ஃஜகரம் உண்டு. மாலுமியின் வாயிலோ மூன்றிலும் ஸகரமே கேட்கும். ருஷ்யத்தில் இவை 'மர்ஸெல்', 'தொப்ஸெல்', 'ஸ்தாக்ஸெல்' என நின்றன. எழுத்திலும் ஸகரம், ஒலியிலும் ஸகரம். இவை ஏட்டைப் பார்த்து எடுக்கப்பட்டவையாயின், ருஷ்யத்தின் சொந்த நியதி ஃஜகரத்தை அப்படியே காத்து, அதன் முன்னுள்ள பகரத்தையும் ககரத்தையும் கோஷமாக்கியிருக்க வேண்டுமேயன்றி, வருமொழியின் தலையில் கை வைத்திருக்க முடியாது. ருஷ்யர் எவரும் தம் மொழியின் இயல்பால் செய்யமாட்டாத ஒரு திரிபு ருஷ்யச் சொல்லில் காணப்படுமாயின், அத்திரிபு வேறொருவர் நாவில் நிகழ்ந்து முடிந்த பின்னரே ருஷ்யர் செவியை எட்டியது என்பதைத் தவிர வேறு முடிவு எனக்குத் தோன்றவில்லை.

ருஷ்ய நியதி தானாகச் செயற்பட்டால் என்ன விளையும் என்பதை அநுமானத்தால் அறிய வேண்டுவதில்லை; பிரத்தியட்சமாகவே காணலாம். ரயில் நிலையத்துக்கு ருஷ்யர் வழங்கும் 'வக்ஃஜால்' என்பதும் கடன் வாங்கிய சொல்லே. அதில் ககரமும் ஃஜகரமும் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. பேச்சில் ககரம் கோஷமாகிறது, ஃஜகரம் சிறிதும் குலையவில்லை. ஜெர்மனிலிருந்து பிற்காலத்தில் வந்த முதுகுப் பையின் பெயராகிய 'ர்யுக்ஃஜாக்' என்பதும் அவ்வாறே. ரயில் நிலையத்தின் வாயிலில், முதுகில் பையோடு நிற்கும் ஒரு ருஷ்யனை நிறுத்தி, 'ஸ்தாக்ஸெல்' என்று சொல்லச் செய்தால் போதும்: முதலிரண்டில் ஃஜகரத்துக்கு முன் கோஷமாகும் அதே ககரம், மூன்றாவதில் ஸகரத்துக்கு முன் அகோஷமாகவே நிற்கும். வந்த வழி வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சியை நான் கண்டதில்லை.

'ஸ்தாக்ஸெல்' என்பதன் ககரத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். எதிர்க்கட்சியார் இதனையே தம் கோட்டையாகக் கொள்ளக்கூடும். டச்சுக்காரன் வாயில் 'ஸ்டாக்' என்பதன் ஈறு தொண்டையில் உரசி எழும் ஒலி. அவ்வொலிக்கு ருஷ்யத்தில் நேரான எழுத்து இருந்தும் அது இங்கே ஆளப்படவில்லை. டச்சு எழுத்திலோ அவ்விடத்தில் நிற்பது கோஷ ககரத்தின் குறி. ஆகவே, குறைந்த பட்சம் நிலைமொழியாவது ஏட்டைக் கண்டு எடுக்கப்பட்டது என்று சொல்ல இடமுண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறுக்காததனால் என் வாதம் வலுப்பெறுகிறதேயொழியத் தளரவில்லை. ஏட்டிலிருந்து வந்த அந்தக் கோஷ ககரம் இன்று அகோஷமாக எழுதப்படுவது ஏன்? அகோஷமான ஸகரம் பின்னால் நின்றதனாலன்றோ! ருஷ்ய நியதி தன் வழக்கமான திசையில் ககரத்தைத் திரித்தபோது, ஸகரம் அங்கே முன்னமே உறுதியாக அமர்ந்திருந்தது என்பதை ககரமே சொல்லிவிடுகிறது.

என் பக்கத்தில் முள்ளாக உறுத்துவன வேறு இரண்டு சொற்கள். உயர்ந்த பாயொன்றின் பெயர் டச்சில் 'பிராம்ஃஜெய்ல்', ருஷ்யத்தில் 'பிராம்ஸெல்'. பக்கவாட்டில் நீட்டிக் கட்டும் பாய் டச்சில் 'லெய்ஃஜெய்ல்', ருஷ்யத்தில் 'லிஸெல்'. மகரத்தின் பின்னும் உயிரின் பின்னும் டச்சுக்காரன் ஃஜகரத்தை இழக்க முகாந்தரம் இல்லை. அக்காலத்து ஆம்ஸ்டர்டாம் மாலுமிகள் ஃஜகரத்தை எங்குமே ஸகரமாக மழுக்கிப் பேசினர் என்று கொண்டால் சிக்கல் தீரும். ஆனால் நான் கட்டிய வாதமும் உடன் சரியும். அவ்வாறு கொள்ள முடியாதென்பதற்கு, தெற்கைக் குறிக்கும் 'ஃஜ்யுயித்' என்னும் சொல்லும், 1720 ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டத்தில் காணப்படும் 'ஃஜோன்தெக்' என்னும் சொல்லும் தடை. பின்னது கப்பல் தளத்தின்மேல் வெயிலுக்காகக் கட்டும் மறைப்பு. இதுவே பின்னர் 'ஃஜோன்திக்' ஆகி, ஈற்றிலுள்ள 'இக்' சிறுமைப்பொருள் விகுதி என்று மயங்கப்பட்டு, அவ்விகுதியை உரித்தெடுத்த 'ஃஜோன்த்' என்பது இன்று பெரிய குடையாக விரிந்திருப்பது மொழி வரலாற்றின் விநோதங்களில் ஒன்று. டச்சு எழுத்தில் உள்ள நடு உயிரை இச்சொல் இழந்திருப்பதால் இதுவும் செவி வழி வந்ததாகவே தோன்றுகிறது. ஆயினும் முதலெழுத்து ஃஜகரமே. சொல்லின் முதலில் ஃஜகரத்தைப் பழுதின்றிக் கேட்ட செவி, பாய்ப்பெயரின் நடுவில் மட்டும் செவிடாயிற்று என்பது பொருந்தாது.

அவ்விரு சொற்களுக்கும் விடை வேறிடத்தில் உள்ளது. பாய்க்கு ருஷ்யத்தில் 'பாருஸ்' என்னும் சொல் முன்பே இருந்தமையால், 'ஃஜெய்ல்' தனிச்சொல்லாக அங்கே குடியேறவில்லை. தொகையின் பிற்பாதியாகவே பயின்றது. தனித்து வழங்காத உறுப்பு விகுதியின் நிலையை அடைவது இயற்கை. மர்ஸெல், தொப்ஸெல், ஸ்தாக்ஸெல் என்னும் மூன்றும் 'ஸெல்' என்பதைப் பாய்ப்பெயர் விகுதியாக நிறுவியபின், பிராம் என்பதும் லி என்பதும் அவ்விகுதியை ஏற்றன. டச்சில் 'ஃஜெய்ல்' அலிப்பால் சொல். இப்பெயர்கள் ருஷ்யத்தில் ஆண்பாலாய் நடப்பதும் மூலத்தின் நினைவு அற்றுப்போனதற்கு ஒரு சிறிய அறிகுறி. ஒப்புமையாக்கம் என்னும் இவ்விளக்கம் எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி என்று ஏளனம் செய்வோர் உளர். இந்தப் பூட்டுக்கு அது பொருந்துகிறது.

ஆங்கிலத்தில் பாயின் பெயர் எங்கும் ஸகரத்தோடே வழங்குதலின் அங்கிருந்து வந்திருக்கலாகாதோ என்ற ஆட்சேபம் நெடிய விடைக்கு உரியதன்று: பிராம் என்றும் மார்ஸ் என்றும் ஆங்கிலேயன் தன் பாய்களை அழைப்பதில்லை. ஜெர்மன் 'ஃஜேகல்' வழியாக வந்திருந்தால் நடுவிலுள்ள ககரம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். வடகடற்கரையின் கீழ்ஜெர்மன் வழக்குகள் டச்சுக்கு மிக அணுக்கமானவை என்பது மெய்தான். எனினும் 1697 ஆகஸ்டில் ஸான்டாமில் ஒரு வாரம் போலத் தங்கி, பின்னர் ஆம்ஸ்டர்டாமில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கட்டும் துறையில் மாதக்கணக்காகக் கோடரி பிடித்த பீட்டர் சக்கரவர்த்தியும், நார்வேயில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் உயர்ந்து 1698 இல் அவர் சேவையை ஏற்ற கொர்னேலிஸ் கிரொய்ஸும் ஆட்களைத் திரட்டியது எத்துறைமுகத்தில் என்பதை மறந்துவிட்டு ஒலிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நியாயமன்று. ருஷ்யத்திலிருந்து டச்சுக்குச் செல்லும் அகராதி 1717 இல் தான் பீட்டர்ஸ்பர்க்கில் அச்சேறியது. அதற்குள் பாய்கள் இருபது ஆண்டுக் காற்றைக் கண்டுவிட்டன.

கப்பற் சமையலறையின் பெயராகிய 'காம்புஃஜ்' என்பதை நான் சாட்சிக் கூண்டில் ஏற்றாததை வாசகர் கவனித்திருக்கலாம். டச்சில் அது ஒருமையில் ஸகர ஈறு. பன்மையில் ஃஜகரம் தோன்றும். ருஷ்யத்தில் வேற்றுமை உருபேற்கும்போது ஃஜகரம் கேட்பது அப்பன்மையைச் செவியுற்றதனால் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஜெர்மன் 'கொம்ப்யூஃஜெ'யும் அதே ஒலியைத் தரக்கூடும். இச்சொல்லின் ஈற்றயலிலுள்ள டச்சு ஈருயிரை ருஷ்யர் உகரமாகக் கேட்டதைப் போலவே, வீட்டைக் குறிக்கும் டச்சுச் சொல்லில் அதே ஈருயிரை நம்மவர் ஊகாரமாகக் கேட்டனர் என்பதற்கு, சபையில் உச்சரிக்கத் தயங்கும் 'கக்கூஸ்' என்னும் நம் சொல்லே சான்று. ஒரே ஈருயிர், அங்கே அடுக்களையில் நின்றது. இங்கே புழக்கடைக்குப் போயிற்று.

மீண்டும் அந்த வடத்துக்கு வருகிறேன். பாயோடு சேராமல் தனியே சொல்லும்போது இன்றைய ருஷ்யர் அதை 'ஷ்தாக்' என்கின்றனர். முதலிலுள்ள ஷகரம் ஜெர்மன் உச்சரிப்பின் சாயல் என்றே கொள்ளத்தக்கது. வழிகாட்டும் மாலுமியைக் குறிக்கும் 'ஷ்தூர்மன்' என்பதிலும் உயிர் டச்சு, மெய் ஜெர்மன். ஆக, பிற்காலத்தில் அதிகாரிகளின் மேசைகளில் ஜெர்மன் வாசனை ஏறியபோது வடத்தின் பெயர் ஷகரத்தை உடுத்திக்கொண்டது; அதே வடத்தில் ஏற்றிய பாயின் பெயரோ, முதலில் ஸகரமும் நடுவில் ஸகரமுமாக, ஆம்ஸ்டர்டாம் துறையில் கேட்ட கோலத்திலேயே இன்றும் தொங்கிக்கொண்டிருக்கிறது.