மணலில் மறையும் கிழங்கான்

முகப்பேர் மீன்கடைகளில், வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் நடுவே, மெலிந்து நீண்ட ஒரு சிறு மீனைக் காணலாம். கூரிய மூக்கும் மணல் நிறமும் கொண்ட இம்மீன் பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். இதுவே கிழங்கான். மென்மையான சதை உடையதால், குழந்தைகளுக்கு ஏற்றதென்று இதைத் தேடி வாங்குவோர் உண்டு. இந்த எளிய மீனை அறிவியல் சரிவர அடையாளம் காண இரு நூற்றாண்டுகள் ஆயின!

டென்மார்க் அரசர் 1761-இல் அரேபியாவுக்கு ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பினார். அதில் லின்னேயஸின் மாணவர் பீட்டர் ஃபோர்ஸ்கால் இடம்பெற்றார். செங்கடல் மீன்களை ஆராய்ந்த அவர், 1763-இல் ஏமனில் காய்ச்சலால் மாண்டார். குழுவிலிருந்து உயிருடன் திரும்பிய ஒரே அறிஞரான நீபூர், நண்பரின் குறிப்புகளை 1775-இல் அச்சேற்றினார். அந்நூலில் கிழங்கானின் பெயர் 'அதெரினா சிஹாமா'. ஆனால் அதெரினா என்பது நீர்ப்பரப்பை ஒட்டிக் கூட்டமாக நீந்தும் வேறொரு மீன் வகை.

1816-இல் பிரெஞ்சு அறிஞர் கூவியே, 'சில்லாகோ' என்னும் பேரினத்தை வகுத்து, கிழங்கானுக்கு 'சில்லாகோ அக்யூட்டா' எனப் பெயரிட்டார். இரண்டும் ஒரே மீன்தான் எனப் பின்னர் தெளிவாயிற்று. சிற்றினப் பெயரில் முந்தியதே நிலைக்கும் என்பது விதி. ஆகவே இன்று அது 'சில்லாகோ சிஹாமா'.

பெயர் கிடைத்தது, வாழ்க்கை? பதனிட்ட உடலைப் பார்த்து அதை அறிய இயலாது. கிழங்கான், கரையோர மணற்பரப்பில் புழுக்களையும் இறால்களையும் சிறு நண்டுகளையும் தேடித் தின்னும். வலை நெருங்கினால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். வலை அதன் மேலே கடந்து போய்விடும். மீனவர்கள் நீரில் இறங்கி, வெறுங்காலால் மணலைத் துழாவி, அதன் இருப்பிடத்தை உணர்வார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கால் கண்டுபிடித்துவிடும்!

1947-இல் தோன்றிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் பின்னர் மண்டபத்தில் இயங்கியது. கிழங்கானின் வாழ்வியல் பற்றி என். ராதாகிருஷ்ணன் எழுதிய விரிவான கட்டுரை 1957-இல் வெளிவந்தது. எனினும் குழப்பம் தீரவில்லை. கிழங்கானைப் போலவே தோன்றும் வேறு சிற்றினங்களும் நம் கடலில் உள்ளன. வயிற்றைப் பிளந்து, காற்றுப்பையின் வடிவத்தைப் பார்த்தால்தான் பலவற்றைப் பிரித்தறிய முடியும். 'சில்லாகோ இண்டிகா' என்ற சிற்றினத்துக்குப் பெயர் சூட்டப்பட்டதே 1985-இல்தான்.

கிழங்கான் குஞ்சுகள் கழிமுகங்களின் ஆழமற்ற நீரில் வளர்பவை. அங்கே புகுவதற்கு வழி திறந்திருக்க வேண்டும். முகப்பேருக்குத் தெற்கே ஓடும் கூவத்தின் முகத்துவாரத்தைப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1875-இல் தொடங்கியது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் சுவர்கள் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரக் கரை அரிக்கப்பட்டது. கூவத்தின் வாயில் மணல்மேடு படிந்தது. நகரத்தின் கழிவும் ஆற்றில் சேர்ந்தது.

ஆக, மணல் இருந்தால் மட்டும் இம்மீன் வாழ்ந்துவிடாது. மணல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். ஆற்றின் வாய் திறந்திருக்க வேண்டும். நீரும் தூயதாக இருக்க வேண்டும். கிழங்கானைக் காப்பது என்பது இம்மூன்றையும் காப்பதே ஆகும்.