விறகடுப்பின் வழியே ஒரு வரலாறு: மாத்தளை மாவட்டத்தில் வீட்டு வலுச் சிக்கனம்

மகாவலி நீரைப் பொல்கொல்லையில் மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குக் கொண்டுவந்து மின்சாரம் எடுக்கும் பணி 1976இல் தொடங்கியது. அதே நீர் பின்னர் போவதென்னையிலும் சுழலிகளை இயக்கியது. இரு மின்நிலையங்களும் மாத்தளை மாவட்டத்தில் உள்ளவை. ஆனால் 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போதும் இலங்கைக் குடும்பங்களில் 78 வீதத்துக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்துவந்தன. ஆகவே மின்கம்பிகளை மட்டும் பின்தொடரும் ஆய்வு வீட்டு வலுப் பயன்பாட்டின் பெரும்பகுதியைத் தவறவிடும். சிக்கன அடுப்பு குயவரின் விற்பனைப் பண்டமான பிறகே நாட்டில் வேரூன்றியது என்பதையும், அடுப்படியின் அமைப்பு மாறாததால் அதன் பயன் முழுமையடையவில்லை என்பதையும் இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

லயமும் விறகும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தது, ஆனால் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான லயம் மாறவில்லை. அதன் அறையான ஒரு காம்பராவுக்குள் ஒரு குடும்பத்தின் உறக்கமும் சமையலும் அடங்கின. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கும் மிலாறே அவர்களின் முதன்மை விறகு. கவ்வாத்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரு மலைக்கு வரும் என்பதால், இடைக்காலத்தில் விறகு தேடுவது கொழுந்து பறித்துத் திரும்பும் பெண்களின் இரண்டாவது வேலையானது. கொழுந்தை உலர்த்தத் தேயிலைத் தொழிற்சாலைகளும் விறகையே எரித்தன. கிராமத்து வீடுகளின் நிலை சற்று வேறு. மிளகுக் கொடி படர நட்ட கிளிரிசிடியா மரங்களைக் கழிக்கும்போது அவர்களுக்குத் தோட்டத்திலேயே விறகு கிடைத்தது.

இரு சமூகங்களும் எரித்தது மூன்று கல் அடுப்பில். அதில் எழும் வெப்பத்தில் சுமார் 10 முதல் 15 வீதமே பாத்திரத்தைச் சேரும். மீதி காற்றோடு போகும்.

மண்ணடுப்பிலிருந்து அனகிக்கு

புகையில்லா அடுப்பு பற்றிய சிந்தனை தெற்காசியாவுக்குப் புதிதல்ல. 1950களில் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பை வடிவமைத்துப் பரப்பினார். இலங்கையில் இம்முயற்சி வேகம் பெற்றது 1970களின் எண்ணெய் நெருக்கடிக்கும் காடழிவு பற்றிய அச்சத்துக்கும் பின்னர்தான். அந்தப் பத்தாண்டின் இறுதியில் சர்வோதய இயக்கமும், பொருளியலாளர் ஷூமாக்கர் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவும் இணைந்து பணியைத் தொடங்கின. வீட்டுக்கு வீடு சென்று மண்ணால் அடுப்புக் கட்டிக்கொடுத்தனர். கட்டியவரின் கைக்கேற்ப அளவு மாறியது. வாய் அகன்றால் சிக்கனம் போயிற்று. சுட்ட களிமண் பாகங்களுக்கு அவர்கள் மாறியது இந்த அனுபவத்தால்தான்.

1980களின் நடுப்பகுதியில் இலங்கை மின்சார சபை இதைத் தேசிய விறகுச் சிக்கனத் திட்டமாக ஏற்று, மானியத்துடன் மாவட்டம் மாவட்டமாகப் பரப்பியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் நகரச் சந்தைக்காக உருவானது அனகி. இது இரு பாத்திரங்களை ஒரே தீயில் ஏற்றக்கூடிய, ஒரே துண்டாகச் சுட்ட அடுப்பு. முதற்பாத்திரத்தைச் சூடாக்கிய சுவாலையின் மிச்ச வெப்பம் உட்குழாய் வழியே இரண்டாவதற்குச் செல்கிறது. சோறு முன்னே வேக, கறி பின்னே கொதிக்கும். சிறிதாகப் பிளந்த, உலர்ந்த விறகைப் பயன்படுத்தினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் மிச்சமாகும். சுற்றிலும் மண் பூசிப் பதித்தால் அடுப்பின் ஆயுளும் கூடும்.

1990களில் மானியம் விலகியது. கண்டியைச் சார்ந்து இயங்கிய 'ஐடியா' என்னும் ஒருங்கிணைந்த அபிவிருத்திச் சங்கம் கிராமியக் குயவருக்கு அச்சும் அளவுகோலும் தந்து பயிற்றுவித்தது. குருநாகல் மாவட்டத்தின் கும்புக்கெட்டே போன்ற குயவர் ஊர்கள் உற்பத்தி மையங்களாகின. சட்டி விற்ற வியாபாரியே அடுப்பையும் ஏற்றிச் சென்றார். அதிகாரியின் வருகைக்குக் காத்திராமல், உடைந்தால் கடையில் இன்னொன்று வாங்கலாம் என்ற நிலை வந்தபோது மாற்றம் நிலைத்தது.

எஞ்சிய புகை

அனகிக்குப் புகைபோக்கி கிடையாது. விறகு குறைவதால் புகையும் குறையலாம். ஆனால் சன்னலற்ற காம்பராவில் அது வெளியேற வழியில்லை. வீட்டுப் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. சமைக்கும் பெண்களும் அவர்களின் அருகிலிருக்கும் குழந்தைகளுமே இதில் அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

எரிவாயு இதற்குத் தீர்வாகத் தோன்றிய காலம் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாயாக உயர்ந்தது. காசிருந்தும் சிலிண்டர் கிடைக்காத வாரங்கள் வந்தன. எரிவாயுவுக்கு மாறியிருந்த பல வீடுகள் விறகுக்குத் திரும்பின. விறகடுப்பு கடந்துபோன காலத்தின் பொருள் என்ற எண்ணம் அப்போது பொய்த்தது.

முடிவுரை

இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் கட்டப்பட்ட 4,000 தோட்ட வீடுகள், ஏழு பேர்ச் நிலத்தில் தனிச் சமையலறையோடு அமைந்தவை. ஏறத்தாழ நாற்பதாண்டு அடுப்புப் பணி எட்டாத இடம் இந்தச் சமையலறையின் அமைப்புதான். வீட்டு வரைபடத்திலேயே புகைபோக்கியும் விறகு உலர்த்தும் இடமும் இருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிலைபெறுதகு வலு அதிகார சபை, வீடமைப்புத் துறை, குயவர், சமைக்கும் பெண்கள் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து அதை வரைய வேண்டும். வீட்டு வலுக் கொள்கை அடுப்படியிலிருந்து தொடங்கினால்தான் அதன் பயன் மாத்தளையின் லயங்களுக்கும் போய்ச் சேரும்.