கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பும் வடக்கின் நோயாளர் துணையும்

ஹியூமன் பப்பிலோமா வைரஸ் நீண்டகாலம் உடலில் தங்குவதால் உண்டாகும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், முற்ற ஆண்டுக்கணக்கில் காலம் எடுக்கும். முன்கூட்டியே பிடித்துவிட அந்த அவகாசம் போதும். இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் கருப்பைக் கழுத்துச் செல்களைச் சோதிக்கும் பாப் பரிசோதனையை இலவசமாகச் செய்கின்றன. 35 வயதுப் பெண்கள் முதல் இலக்கு. 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடப்படுகிறது.

சிகிச்சையின் கதை வேறு. ஸ்கந்தபுரம் போன்ற வன்னிக் கிராமத்துப் பெண்ணுக்கு மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலை வெகுதூரம். பயணச் செலவும் வீட்டைப் பிரிந்திருப்பதும் நோயோடு சேர்ந்த சுமைகள். 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த ‘ட்ரெயில்’ நடைப்பயணம், வன்னி வழியாகவும் வந்து நிதி திரட்டியது. அதன் பயனே வடக்கிலுள்ள தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. தெற்கும் வடக்கும் இவ்வளவு பயனுள்ள காரியத்தில் கைகோத்தது அரிது.

கட்டடம் மட்டும் போதாது. 2016இல் தொடங்கிய இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் நோயாளருக்கும் குடும்பத்துக்கும் துணைநிற்கின்றன. நோயிலிருந்து மீண்டவர் சொல்லும் ஒரு சொல், அறிவுரைத் தாள்களைவிட வெட்கத்தையும் அச்சத்தையும் விரைவாகப் போக்கும்.

35 வயதை எட்டிய பெண்கள் தம் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் நாளைக் கேட்டறிந்து செல்லவேண்டும்.