எச்பி-யுஎக்ஸ் போய்விட்டது

2025 டிசம்பர் 31 அன்று எச்பி-யுஎக்ஸ் இயங்குதளத்துக்கான வழக்கமான பராமரிப்பு முடிந்தது. 1980களின் தொடக்கத்தில் எச்பி நிறுவனத்தில் பிறந்த யுனிக்ஸ் அது. வீட்டுக் கணினிப் பக்கம் வந்ததே இல்லை. வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள், ஆலைகள் இவற்றின் சர்வர் அறைகளில் இரவு பகலாக உழைத்தது.

அதன் வாழ்நாளில் நான் பெரிதாக மதிப்பது 2007 பிப்ரவரியில் வந்த 11ஐ வி3 பதிப்பை. அதில்தான் மல்டிபாத் வசதி இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள்ளேயே இடம்பிடித்தது.

உத்தமபாளையத்துக்காரர்களுக்கு மல்டிபாத்தை விளக்குவது சுலபம். கேரளத்துக்கு ஏற நமக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மலைச்சாலைகள் உண்டு. குமுளிச் சாலையில் மண் சரிந்தால் வண்டிகள் கம்பம்மெட்டில் ஏறும். சபரிமலை சீசனில் நெரிசல் கூடினால், போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்புகிறவற்றைக் குமுளி வழியாகவும் போலீசார் பிரித்துவிடுவார்கள். சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவிலும் இதே ஏற்பாடுதான். இரண்டு ஃபைபர் அட்டை, இரண்டு ஸ்விட்ச், ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர். எது செத்தாலும் பணம் எடுக்க நிற்பவர் காத்திருக்கக் கூடாது.

சிக்கல் எங்கே என்றால், நான்கு வழி இருந்தால் ஒரே டிஸ்க் நான்கு டிஸ்காகத் தெரியும். பழைய எச்பி-யுஎக்ஸில் டிஸ்கின் பெயரே அது வந்த வழியை வைத்துத்தான். அட்டையை வேறு இடத்தில் செருகினால் பெயரும் மாறலாம். டிஸ்குகளை நிர்வகிக்கும் எல்விஎம்மில் 'பிவி லிங்க்ஸ்' என்ற மாற்றுவழி வசதி இருந்தது. ஆனால் ஒரு வழி வேலை செய்யும், மற்றவை சும்மா காத்திருக்கும். சுமையைப் பங்கிடுவது நிர்வாகியின் கைவேலை. அது போதாதவர்கள் இஎம்சியின் பவர்பாத் போன்ற மென்பொருளைத் தனியாக வாங்கினார்கள்.

11ஐ வி3 டிஸ்கை அதன் உலகளாவிய அடையாள எண்ணால் அறிந்துகொண்டது. எத்தனை வழியில் வந்தாலும் ஒரே பெயர், மாறாத பெயர். எல்லா வழிகளிலும் வேலையைச் சுழற்சி முறையில் பகிர்ந்தது; ஒன்று அறுந்தால் தானே அடுத்ததற்கு மாறியது. பழைய பெயர்களையும் அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருந்ததால் பல ஆண்டுகளாக ஓடிய ஸ்கிரிப்ட்கள் உடையவில்லை. பயனாளியின் உழைப்பை மதிக்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

ஒப்பிட்டுப் பார்த்தால், லினக்ஸில் டிவைஸ்-மேப்பர் மல்டிபாத் 2005இல் சேர்ந்தது. வழிகளைக் கண்காணிக்க கர்னலுக்கு வெளியே தனி நிரல் வேண்டும். என்விஎம்இ சாதனங்களுக்குக் கர்னலிலேயே மல்டிபாத் வந்தது 2018 ஜனவரியில், 4.15 பதிப்பில்தான்.

பிறகு எச்பி-யுஎக்ஸ் ஏன் செத்தது? இன்டெலின் இட்டானியம் சிப்பை நம்பியதால். 2011இல் ஓரக்கிள் அந்தச் சிப்புக்கு மென்பொருள் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. எச்பி வழக்குப் போட்டு வென்றது, ஆனாலும் சந்தை திரும்பவில்லை. 2021 ஜூலையோடு இன்டெல் கடைசி இட்டானியம் சிப்பையும் அனுப்பி முடித்தது. எக்ஸ்86 சர்வர்களுக்கான எச்பி-யுஎக்ஸ் விற்பனைக்கு வரவே இல்லை. டிஸ்குக்கு இத்தனை வழி வகுத்த இயங்குதளத்துக்கு இரண்டாவது சிப் ஒன்றை அமைத்துத் தராதது பெரும் பிழை.

இன்னும் அதை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வரைக் கழற்றும்போது 11ஐ வி3 கையேடுகளையும் சேர்த்து எறிந்துவிடாதீர்கள். நம் ஊர் கருத்த ராவுத்தர் கல்லூரியில் கணினி படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மல்டிபாத்தைப் படிக்க அதைவிடத் தெளிவான பாடத்தை நான் பார்த்ததில்லை.