அகழியில் எழுந்த நகை: ஈப்பர் போர்முனைப் படையினரின் எள்ளலும் நினைவுகளும்

போர்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் கட்டளைகளையும் அரசுகளின் ஆவணங்களையும் ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கட்டளைகளை நிறைவேற்றிய சாதாரண படையினன் தன் அநுபவத்தை எவ்வாறு விளங்கிக்கொண்டான் என்பதை அறிய வேறு வகைச் சான்றுகள் வேண்டும். கடிதங்களும் நாட்குறிப்புகளும் அத்தகையன. அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க இன்னொரு சான்று, படையினர் தமக்குள் பரிமாறிக்கொண்ட நகைச்சுவையாகும். முதலாம் உலகப் போரின்போது பெல்ஜியத்தின் ஈப்பர் நகரைச் சூழ்ந்திருந்த போர்முனை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ஈப்பரைக் காத்து நின்ற பிரித்தானியப் படைவரிசை, ஜேர்மானியர் பக்கமாகப் பிதுங்கியிருந்தது. எனவே, அங்கிருந்தோர் மூன்று திசைகளிலிருந்தும் பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்காகினர். 1915 ஏப்ரல் 22இல் குளோரின் நச்சுவாயு அப்போர்முனையிலேயே பெருமளவிற் பயன்படுத்தப்பட்டது. மத்தியகாலப் பெருமை வாய்ந்த துணி வணிக மண்டபம் இடிபாடாயிற்று. சேறும் எலியும் பிணநாற்றமும் நாளாந்த வாழ்வாயின. இத்தகைய சூழலிலேதான் ‘வைப்பேர்ஸ் ரைம்ஸ்’ என்னும் இதழ் பிறந்தது. ஈப்பர் என்ற பெயரை உச்சரிக்க இடர்ப்பட்ட பிரித்தானியப் படையினர் அதனை ‘வைப்பேர்ஸ்’, அதாவது ‘துடைப்போர்’ என்று திரித்து வழங்கினர். இதழின் பெயரே ஒரு நகைச்சுவையாக அமைந்தது.

1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஷேவூட் பொறெஸ்டர்ஸ் படைப்பிரிவின் 12ஆவது பட்டாளத்தினர் இடிபாடுகளிடையே கைவிடப்பட்ட அச்சுப்பொறி ஒன்றைக் கண்டெடுத்தனர். போருக்கு முன் அச்சுத் தொழில் செய்த சார்ஜன்ட் ஒருவர் அதனைச் சீர்செய்தார். கப்டன் பிரெட் றொபேட்ஸ் ஆசிரியராகவும் லெப்டினன்ட் ஜாக் பியர்சன் துணையாசிரியராகவும் அமைய, முதல் இதழ் 1916 பெப்ரவரி 12இல் வெளிவந்தது. அச்செழுத்துகள் போதாமையால் ஒரு பக்கத்தை அச்சிட்டு முடித்த பின்னரே அடுத்த பக்கத்துக்கு எழுத்துக் கோக்க முடிந்தது. பின்னர் பீரங்கிக் குண்டினால் அப்பொறி அழியவே, வேறொன்று தேடிக்கொள்ளப்பட்டது. பட்டாளம் இடம் மாறுந்தோறும் இதழின் பெயரும் மாறியது. 1918 டிசம்பரில் இறுதி இதழ் வெளிவந்தபோது அதற்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் ‘நல்ல காலம்’ எனப் பொருள்படுவதாகும்.

இதழின் உள்ளடக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. இடிந்த துணி வணிக மண்டபத்திலே கேளிக்கைக் காட்சிகள் நடைபெறுவதாகப் போலி விளம்பரங்கள் வெளியாயின. போரின் போக்கைப் பற்றி மிகையான நம்பிக்கை கொள்வதை ஒரு நோயாகக் காட்டி, அதற்குச் சிகிச்சை கூறும் விளம்பரமும் வந்தது. போர்முனையைப் பற்றி மெருகூட்டி எழுதிய செய்தியாளர் வில்லியம் பீச் தோமஸ், ‘ரீச் போமஸ்’ என்ற பெயரில் எள்ளப்பட்டார். போர் வல்லுநராக எழுதிய ஹிலயர் பெலொக்கும் தப்பவில்லை. படையினரிடையே கவிதை நோய் பரவிவிட்டதென்றும், கவிஞர் சிலர் உரைநடைக்குத் திரும்பினால் நன்றென்றும் ஆசிரியர் முறையிட்டதும் உண்டு.

தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார். வைப்பேர்ஸ் ரைம்ஸின் எள்ளல் யாரை நோக்கியது என்பதே இங்கு முக்கியமான வினா. ஜேர்மானியப் பேரரசரும் எள்ளப்பட்டார் என்பது உண்மையே. ஆயினும் எதிர் அகழியில் அதே சேற்றிற் கிடந்த பகைவனைவிட, அபாயம் எட்டாத தொலைவிலிருந்து கட்டளையிட்டோரும் எழுதியோரும் நம்பிக்கை ஊட்டியோருமே அதன் கூரிய இலக்காயினர். வெளிப்படையாகக் கூறின் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளாகக்கூடிய விமர்சனம், நகையின் போர்வையில் அச்சேறியது.

படையினரின் பேச்சு வழக்கிலும் இவ்வெள்ளல் படிந்தது. கரும்புகை கக்கி வெடித்த கனரகக் குண்டுக்கு அக்காலக் குத்துச்சண்டை வீரரான கறுப்பினத்தவர் ஜாக் ஜோன்சனின் பெயரை இட்டனர். தாயகத்தைக் குறித்த ‘பிளைட்டி’ என்ற சொல், இந்தியாவிற் பணியாற்றிய படையினர்வழி வந்த ‘விலாயத்தி’ என்னும் சொல்லின் திரிபாகும். நம் முன்னோர் ‘சீமை’ என்று வழங்கியதற்கு அது நிகரானது. உயிரைப் போக்காது ஊருக்கு அனுப்பிவைக்கும் காயம் ‘பிளைட்டிக் காயம்’ எனப்பட்டது. காயம்படுதலே நற்பேறாக எண்ணப்பட்ட நிலையை இவ்வொரு சொல்லே புலப்படுத்துகின்றது.

போர் முடிந்த பின்னரும் இந்நகை ஓயவில்லை. 1914ஆம் ஆண்டின் முதற் போர்களில் நின்ற நிரந்தரப் படையினர் 1925இல் ஒரு சங்கம் அமைத்தனர். ஜேர்மானியப் பேரரசர் பிரித்தானியப் படையை ‘இழிந்த சிறு படை’ என ஏளனஞ் செய்தார் என்று அந்நாளிற் பரவிய செய்தியை ஏற்று, ‘பழைய இழிந்தோர்’ என்பதையே அவர்கள் தம் பெயராக்கிக்கொண்டனர். பதவி வேறுபாடின்றி ஒருவரையொருவர் ‘தோழர்’ என விளித்தனர். 1930இல் வைப்பேர்ஸ் ரைம்ஸ் முழுத் தொகுப்பாக மறுபதிப்புப் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டிலேயே றிமார்க்கின் நாவலும் றொபேட் கிரேவ்ஸின் தன்வரலாறும் வெளிவந்து, போர் குறித்த கசப்பைப் பரப்பியிருந்தன. அவற்றுக்கு மாறாக இவ்விதழ் சிரிப்பை நினைவூட்டியது.

அவ்வாறாயின் எந்த நினைவு மெய்யானது? இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கொள்ளுதல் பொருந்தாது. கசந்து எழுதியோரும் சிரித்து எழுதியோரும் ஒரே அகழிகளிலிருந்து மீண்டவர்களே. வீட்டாரிடம் சொல்ல இயலாத கொடுமையை, அதனை ஏற்கனவே அறிந்த தோழனிடம் ஒரு நகைக் குறிப்பால் உணர்த்த முடிந்தது. விளக்கம் வேண்டாத கேட்போன் இருந்தமையே அந்நகையின் அடிப்படை.

எனினும் இச்சான்றின் எல்லையும் மறக்கத்தக்கதன்று. வைப்பேர்ஸ் ரைம்ஸ் அதிகாரிகளால் நடத்தப்பட்ட இதழ். சிரிக்க இயலாது மனம் உடைந்தோரின் குரல் அதிற் கேட்பதரிது. போர்க்களத்தை விட்டோடியமைக்காகவும் கோழைத்தனத்துக்காகவும் பிரித்தானியப் படையிற் சுட்டுக் கொல்லப்பட்ட முந்நூற்றுக்கு மேற்பட்டோர், 2006ஆம் ஆண்டிலேயே மன்னிப்புப் பெற்றனர். ஈப்பரின் மெனின் வாயிலில், புதைகுழி அறியப்படாத ஐம்பத்து நாலாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மீண்டு வந்தோரின் சிரிப்பை ஆராயும் வரலாற்று மாணவன், அச்சிரிப்பிற் பங்குகொள்ள வாராதோரின் மௌனத்தையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.